வைட்டமின் பேக்கேஜ் ரத்தப் பரிசோதனை: வயிறு சரியில்லாதவர்களுக்கு எவ்வளவு உதவும்?

வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப்போய், மறுநாள் வாட்ஸாப்பில் பிடிஎஃப் அனுப்பிவிடும் வைட்டமின் பேக்கேஜ் இப்போது எல்லாப் பெரிய லேப்களிலும் உண்டு. '70 சோதனைகள்', '90 சோதனைகள்' என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ரத்த அணுக்கள் எண்ணிக்கை என்ற ஒரே சோதனையில் இருபது வரிகள் வரும்; கல்லீரல் சோதனையில் இன்னும் பத்து; ஒரு அளவை மற்றொன்றால் வகுத்து வந்த விகிதத்தையும் தனிச் சோதனையாகக் கணக்கில் சேர்ப்பார்கள். வைட்டமின் என்று உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டுதான்: பி12, டி. சிலதில் ஃபோலேட்டும் இருக்கும்.

ஆரோக்கியமாக இருப்பவர் இதை வாங்குவது வெட்டிச் செலவு. அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2024இல் வெளியிட்ட வழிகாட்டியே, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வைட்டமின் டி அளவை வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்கிறது. ஆனால் மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, உப்புசம், எடை குறைதல், ஆறாத வாய்ப்புண், கால் மதமதப்பு என்று இருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இந்த எண்கள் குடலின் எந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்பதைக் காட்டும் தடயங்கள். பேக்கேஜின் குறையும் அங்கேதான்: எண்ணைத் தருகிறது, அதைப் படிக்கத் தேவையான பக்கத்துச் சோதனைகளைத் தருவதில்லை.

பி12இன் பயணம் நீளமானது. சாப்பாட்டிலிருந்து அது பிரிய இரைப்பை அமிலம் வேண்டும். இரைப்பைச் சுவர் சுரக்கும் 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்ற புரதத்தோடு அது சேர, கணைய நொதிகள் உதவ வேண்டும். அப்புறம் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில்தான் உள்ளே போகும். இதில் எந்த இடத்தில் தடை வந்தாலும் அளவு இறங்கும். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் விழுங்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் அமிலத்தைக் குறைக்கின்றன. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இலியத்தில் உறிஞ்சுதலைக் கெடுக்கிறது. குடல் அழற்சி நோய்களில் ஒன்றான க்ரோன் நோயும், நம் ஊரில் இன்னும் மறையாத குடல் காசநோயும் குறிவைப்பது பெரும்பாலும் இதே இலியத்தைத்தான். அறுவையில் அந்தப் பகுதியை நிறைய வெட்டி எடுத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க பி12 ஊசி தேவைப்படும்.

ஆகவே ரிப்போர்ட்டை ஜோடி ஜோடியாகப் படிக்க வேண்டும். பி12 குறைவு, ஃபோலேட் சரியாக இருக்கிறது என்றால் இரைப்பை, இலியம், மாத்திரை, முழுச் சைவச் சாப்பாடு ஆகியவற்றின் மேல் சந்தேகம். பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் உயர்ந்திருந்தால், சிறுகுடலில் பாக்டீரியா மிதமிஞ்சி வளர்ந்திருக்கலாம்; அவை பி12ஐத் தின்று ஃபோலேட்டை உற்பத்தி செய்கின்றன. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் சிறுகுடலின் உள்சுவரே பழுதாகியிருக்கலாம்: கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக், அல்லது வெப்பமண்டல ஸ்ப்ரூ. இந்த ஸ்ப்ரூ தென்னிந்தியாவுக்குப் பழக்கப்பட்ட நோய். வேலூர் சிஎம்சியில் பேக்கரும் மாத்தனும் செய்த ஆய்வுகள் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுபவை. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கிலும் கூடவே ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் சரியாகக்கூடியது. வெறும் சத்து மாத்திரையோடு நிறுத்தினால் நோய் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதனால்தான் ஃபோலேட் இல்லாத பேக்கேஜை வாங்கவே வேண்டாம் என்கிறோம்.

எல்லை எண்களிலும் ஏமாற வாய்ப்புண்டு. பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால்தான் பல ரிப்போர்ட்டுகள் சிவப்பில் காட்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2024இல் தந்த வழிகாட்டியில் 180க்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. 180 முதல் 350 வரை தீர்மானிக்க முடியாத பகுதி. அதாவது கால் எரிச்சலோடு இருப்பவருக்கு 260 என்று வந்து, பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. அடுத்து 'ஆக்டிவ் பி12', மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் (பின்னவை இரண்டும் பி12 குறைந்தால் உயரும்) ஆகியவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். சில பெரிய பேக்கேஜ்களில் ஹோமோசிஸ்டீன் இருக்கிறது. ஆனால் வீட்டில் எடுக்கும் ரத்தத்துக்கு அது ஒத்துவராத சோதனை. எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் அணுக்களைப் பிரிக்காமல் விட்டால், சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். எண் பொய்யாக ஏறும். மே மாத வெயிலில் பைக் பெட்டியில் ஐந்து வீடு சுற்றிவரும் குழாய்க்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை மட்டும் லேப்புக்கு நேரில் போய்க் கொடுங்கள்.

ரத்தம் கொடுப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள் இன்னும் அதிகம். முடி உதிர்வுக்கு என்று பலர் சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். பயோட்டினைப் பயன்படுத்தி வேலை செய்யும் கருவிகளில் இது குழப்பம் செய்து பி12, டி, ஃபோலேட் ஆகியவற்றை உயர்த்திக் காட்டும். தைராய்டு சோதனையான டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே எச்சரித்த விஷயம் இது. மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. சோதனைக்கு முந்தைய வாரம் பி12 ஊசி போட்டவருக்கு எண் உச்சத்தில் நிற்கும். அதற்குப் பொருளே கிடையாது. ஃபோலேட் நேற்றுச் சாப்பிட்ட கீரையைக் கூடக் காட்டிக்கொடுக்கும் என்பதால் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். ஊசி குத்தும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டாலும் ஃபோலேட் பொய்யாக உயரும். ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' என்று குறிப்பு இருந்தால் காசு கேட்காமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

டி பக்கம் வருவோம். அளக்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி. 1,25-டைஹைட்ராக்ஸி என்று இன்னொன்று உண்டு. விலை கூடியது, குறைபாட்டைக் கண்டுபிடிக்க உதவாதது. பொதுவாக மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் வெயில் படாத நகரவாசிகளில் பலர் தேறமாட்டார்கள். அதை வைத்து மட்டும் குடலைக் குறைசொல்ல முடியாது. டி குறைவோடு மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்து, கழுவினாலும் போகாமல் ஒட்டினால் கொழுப்பு செரிக்கவில்லை என்று அர்த்தம். நாள்பட்ட கணைய அழற்சியிலும் பித்தநாள அடைப்பிலும் இப்படி ஆகும். அப்போது கொழுப்பில் கரையும் மற்ற வைட்டமின்களான ஏ, இ, கே மூன்றும் கூடவே இறங்கியிருக்கலாம். கே-ஐப் பெரும்பாலான பேக்கேஜ்கள் பார்ப்பதில்லை. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பிடி-ஐஎன்ஆர் சோதனையே போதும், செலவும் குறைவு.

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பல பேக்கேஜ்களில் இருப்பது நல்ல விஷயம். ஆனால் பக்கத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி இல்லாவிட்டால் பாதிப் பயன்தான். உடம்பில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். குடல் அழற்சி நோயாளிக்கு 60 என்று வந்தால் லேப் 'நார்மல்' என்று போடும். சிஆர்பி உயர்ந்திருக்கும்போது 100 வரைக்கும் இரும்புக் குறைபாடு இருக்கலாம் என்பது குடல் மருத்துவர்களின் கணக்கு. சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவியிலும் இப்படி ஒரு பொறி உண்டு. இரும்புக் குறைவு அணுவைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் எம்சிவி சமர்த்தாக நடுவில் நிற்கும். அப்போது அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்டிடபிள்யூ என்ற வரி உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் மருந்துக்கடைக்குப் போவதில்தான் பெரிய சேதம். வழக்கமாக நீட்டப்படும் பி காம்ப்ளெக்ஸ் கேப்சூல்கள் பலவற்றில் பி12 வெறும் 15 மைக்ரோகிராம். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாத வயிற்றில் சுமார் ஒரு சதவீதம் மட்டும் தானாக ஊறி உள்ளே போகும். 15இல் ஒரு சதவீதம் 0.15. ஒரு நாள் தேவையோ 2 மைக்ரோகிராமுக்கு மேல். அதே கணக்கில் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை 10 தரும். அதனால்தான் பலருக்கு அதிக அளவு மாத்திரையே போதுமானதாக இருக்கிறது. நரம்பு பாதித்திருந்தாலும் தொடர் வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசியில் ஆரம்பிப்பார்கள். பி12இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் 1,500 கேட்டால், நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் கலந்த அட்டையை எடுத்துத் தரும் கடைகள் உண்டு. தூக்கம், தலைசுற்றல் தரும் மருந்து அது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராமை மட்டும் தனியாகச் சாப்பிடவே கூடாது. ரத்தசோகை தேறியதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

டி3 60,000 ஐயூ வாரத்துக்கு ஒன்று, பொதுவாக எட்டு வாரம், கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பின். இதைத் தினம் ஒன்றாக விழுங்கி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுவலி வரும். வயிற்றுக் கோளாறுக்கு என்று சாப்பிட ஆரம்பித்தவர் வயிறு இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்து மேலும் தொடர்வார். சிறுநீரகமும் கெடும்.

எங்கள் மதிப்பீடு: ஐந்துக்கு இரண்டரை. அதே பணத்துக்கு, என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப்பில் பேக்கேஜை விட்டுவிட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, பி12, ஃபோலேட், 25-ஹைட்ராக்ஸி டி, ஃபெரிட்டின், சிஆர்பி, அல்புமின். பணம் மிச்சமிருந்தால் சீலியாக்குக்கான டிடிஜி-ஐஜிஏவும் மொத்த ஐஜிஏவும் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் சோதனை பொய்யாக நெகட்டிவ் வரும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் லேப்புக்கு முன்னால் குடல் மருத்துவரிடம் போக வேண்டும். மறுசோதனை என்று மாதாமாதம் ஆஃபர் வரும். டியை மூன்று மாதம் ஆவதற்குள் மறுபடி பார்ப்பதில் பயனில்லை, பி12 ஊசியில் இருப்பவருக்கு அந்த எண் தேவையே இல்லை.