மச்சானுக்கு எந்தக் கார்?

மச்சானுடைய காருக்கு அடுத்த மாதம் சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், முடிகிறது. "ஹைபிரிட்டா, மின்காரா? நம்ம ஊர்ல கரண்டே எரிவாயுவுலதானே வருது, மின்கார் வாங்கி என்ன புண்ணியம்?" என்றார். நியாயமான கேள்விதான். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது.

போன தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுத்த அங்பாவ் உறை ஒன்று மேசையில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் 16 கிலோ கக்கும். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓடுவதால் 4.5 லிட்டரில் சமாளிக்கும் ஹைபிரிட், 10 கிலோவைச் சற்றே தாண்டும். மின்காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 18 யூனிட் என்று வைப்போம். யூனிட்டுக்கு ஏறக்குறைய 400 கிராம், ஆக 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எரிவாயு மின்சாரத்திலேயே மின்கார் ஜெயிக்கிறது. பேட்டரி செய்யும்போது வெளியாகும் கார்பனை ஓட்டி ஓட்டித்தான் கழிக்க வேண்டும் என்பதால், வாரக்கடைசியில் மட்டும் கார் எடுப்பவருக்கு இந்த லாபம் சுருங்கும். மச்சான் அப்படியில்லை, தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸில் ஷிப்ட் வேலை.

இன்னொன்றும் உண்டு. சிஓஇ எடுத்தால் பத்து வருடம். ஹைபிரிட்டின் 10 கிலோ கடைசி நாள்வரை 10 கிலோதான். மின்சாரம் சுத்தமாக ஆக, மின்காரின் 7 தானாகவே இறங்கும்.

எவ்வளவு இறங்கும்? சூரியசக்தியை மட்டும் நம்பினால் அதிகமில்லை. தெங்கே நீர்த்தேக்கத்தில் 45 ஹெக்டரில் 1,22,000 தகடுகள் மிதக்கின்றன, 60 மெகாவாட். அத்தனையும் சேர்ந்து சுமார் 16,000 நாலறை வீடுகளுக்குத்தான் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளோ பத்து லட்சத்துக்கும் மேல்! கூரை, குளம் எல்லாவற்றையும் மூடினாலும் இடம் பத்தாது. அதனால் என் பந்தயம் இறக்குமதி மின்சாரத்தின் மேல். லாவோஸிலிருந்து நீர்மின்சாரம் 2022லேயே வரத் தொடங்கியது, 100 மெகாவாட் அளவில். 2035க்குள் 6 ஜிகாவாட் என்பது இலக்கு. பக்கத்து நாடுகளின் கம்பியை நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு, ஆனால் எரிவாயுவும் வெளியிலிருந்துதானே வருகிறது. ஹைட்ரஜனில் மின்சாரம் எடுப்பது பற்றி நிறையப் பேசுகிறார்கள். மச்சானின் பத்து வருடத்துக்குள் அது கணக்கில் வராது.

"அப்போ பஸ்ஸு?" என்றாள் அக்கா.

மின்சார ஈரடுக்குப் பேருந்து 100 கிலோமீட்டருக்கு 130 யூனிட் எடுத்தாலும், 40 பேர் ஏறினால் தலைக்கு 1.3 கிலோதான். எந்தக் காரும் கிட்டே வராது. நாலே பேர் இருக்கும் ராத்திரி பஸ்ஸில் அது 13 கிலோ ஆகிவிடுமே என்று மச்சான் மடக்கப் பார்த்தார். சரி, ஆனால் அவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடத்தான் போகிறது.

முதல் ரயிலுக்கு முன்பே கிளம்ப வேண்டிய ஷிப்டுக்கு மின்கார், மற்ற நாளெல்லாம் எம்ஆர்டி ரயில் என்று அக்கா முடித்துவிட்டாள். மச்சானின் கவலை இப்போது வேறு. பலமாடிக் கார்ப்பேட்டையில் சார்ஜ் போடும் இடங்களில் ஒன்றில், சார்ஜ் முடிந்த யாரோ ஒருவரின் வெள்ளைக் கார் விடியவிடிய நிற்கிறதாம்.