ஏலகிரியா, ஜவ்வாதா? மலையிலிருந்து பாலாற்று மணல் வரை

வேலூரில் சித்திரை வெயில் ஏறியதும் வீட்டில் யாராவது ஒருவர் "மலைக்குப் போய் வரலாமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஏலகிரியா, ஜவ்வாதா? இரண்டு பாதையிலும் பல தடவை வண்டி ஓட்டியிருக்கிறேன். காட்டையும் பறவைகளையும் பார்க்க நினைப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏலகிரி சுலபம். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர், வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரி வழியாக ஏறினால், வேலூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பலகையாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வருவார்கள். மேலே போனால் உயரம் சுமார் 1,100 மீட்டர், நல்ல காற்று, புங்கனூர் ஏரியில் படகு. பெரியவர்களைக் கூட்டிப்போக இதைவிட வசதியான மலை நம் பக்கத்தில் இல்லை.

ஆனால் அங்கே காடு என்று பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சரிவு மட்டும்தான். மேலே விடுதிகளும் மதில்களும் வந்துவிட்டன. வளைவுகளில் குரங்குகள் பிஸ்கெட்டுக்காகக் காத்திருக்கின்றன. தயவுசெய்து போடாதீர்கள். தின்பண்டத்துக்காகச் சாலைக்கு வந்து பழகிய குரங்குதான் வண்டியில் அடிபடுகிறது, குட்டியோடு அடிபட்டதையும் பார்த்திருக்கிறேன். ஏலகிரியில் உயிரினங்களைப் பார்க்க ஆசை என்றால் விடியற்காலையில் சுவாமிமலை உச்சிக்கு நடந்து ஏறுங்கள். அந்த நடையில் கிடைக்கிற பறவைக் குரல்கள் காருக்குள் இருந்தால் கேட்காது.

ஜவ்வாது வேறு மாதிரி. கண்ணமங்கலம், போளூர், ஜமுனாமரத்தூர், காவலூர், ஆலங்காயம், வாணியம்பாடி, பிறகு பாலாற்றை ஒட்டியே வேலூர் என்று ஒரு வட்டம். ஒரு முழு நாள் வேண்டும். போளூரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

போளூரிலிருந்து ஏறும்போதே சாலை குறுகி, இருபுறமும் உசிலையும் வெப்பாலையும் மூங்கிலும் நெருங்கிவரும். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போன மலை இது, வெட்டித் தீர்த்தது போக மிச்சம்தான் இன்று இருக்கிறது. இலையுதிர் காடு என்பதால் பருவத்துக்குப் பருவம் முகம் மாறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கும் பச்சை, பீமன் நீர்வீழ்ச்சியிலும் தண்ணீர் இருக்கும். மாசி, பங்குனியில் இலை கொட்டிவிடும். அழகு குறைவுதான், ஆனால் பறவைகளைப் பார்க்க எனக்குப் பிடித்த காலம் அதுதான். மொட்டைக் கிளையில் உட்கார்ந்திருக்கும் மரங்கொத்தி தெளிவாகத் தெரியும், சருகில் மயில் நடப்பதுகூடக் காதில் விழும். கரடி உள்ள காடு இது. நான் நேரில் கண்டதில்லை, நாவல் கொட்டை நிறைந்த எச்சத்தை மட்டும் ஒருமுறை பாதையோரம் பார்த்தேன். அன்று முழுக்க எங்கள் பேச்சு அதைப் பற்றியே.

ஜமுனாமரத்தூரில் இறங்கி டீ குடியுங்கள். மலையாளி எனப்படும் இந்த மலையின் பழங்குடி மக்கள் விளைவிக்கும் சாமையையும், மலைத் தேனையும் அங்கேயே வாங்கலாம். அப்புறம் காவலூர். 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான். ராமானுஜம் என்று பெயரிடப்பட்ட சிறுகோளை 1988-இல் கண்டுபிடித்ததும் இங்கிருந்துதான். நகர வெளிச்சம் எட்டாத காடு என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இருட்டு தேவாங்குக்கும், பக்கி என்கிற இராப்பறவைக்கும்கூட வேண்டியது. அதனால் அந்தி சாய்ந்தபின் இந்தச் சாலையில் போக நேர்ந்தால் வேகத்தைக் குறையுங்கள், ஹை பீம் போடாதீர்கள். நடுச்சாலையில் பக்கி உட்கார்ந்திருக்கும், வெளிச்சத்தில் அதன் கண் மட்டும் கனல் போல மின்னும்.

ஆலங்காயத்தில் இறங்கி வாணியம்பாடி வந்ததும் காட்சி அடியோடு மாறிவிடும். மலையில் ஈரத்தைப் பார்த்த கண்ணுக்கு முன்னால் பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது. பல ஆண்டு மணல் அள்ளியதும் தோல் தொழிற்சாலைக் கழிவும் அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. குறிஞ்சி திரிந்து பாலையாவதை ஒரே நாளில் கண்ணால் பார்க்கலாம். மணலிலும் உயிர் இருக்கிறது: மின்கம்பியில் பனங்காடை, சீமைக்கருவேல மறைவில் கீரி, கல்லோடு கல்லாக முட்டையிடும் ஆள்காட்டி. 2021 நவம்பரில் இதே ஆற்றில் வெள்ளம் பாலத்தைத் தொட்டு ஓடியபோது வேலூரே கரையில் நின்று பார்த்தது.

கைக்குழந்தையோ முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ கூட வந்தால் ஏலகிரி. மற்ற எல்லாருக்கும் ஜவ்வாது என்றுதான் சொல்வேன். அதையும் போளூர் பக்கமாக ஏறிச் செய்யுங்கள். காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், பறவைகளின் நிறம் நன்றாகத் தெரியும், பாலாற்று மணலுக்கு மாலை வெளிச்சத்தில் வந்து சேர்வீர்கள்.