டாப், எச்டாப், சார், ஏடாப்: நேற்று இரவு நடந்ததை எது சொல்லும்?

லினக்ஸ் சர்வரில் சிபியு, மெமரி நிலவரம் பார்க்க டெர்மினலில் எதைத் திறப்பீர்கள் என்று கேட்டால், பலருடைய பதில் டாப் அல்லது எச்டாப்பாகத்தான் இருக்கும். என் பொறுப்பில் உள்ள சர்வர்களில் இப்போது நான் முதலில் நிறுவுவது ஏடாப் (atop). மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

டாப் அநேகமாக எல்லா சர்வரிலும் ஏற்கெனவே இருக்கும். 1 என்ற எண்ணை அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும், பெரிய எம் அழுத்தினால் மெமரி அதிகம் தின்னும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) மேலே வரும். எச்டாப்பில் இதையே வண்ணத்தோடு, மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம். எஃப்5 அழுத்தினால் எந்த ப்ராசஸ் எதைக் கிளப்பியது என்ற மரம் விரியும். லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) எகிறியிருக்கிறது, சிபியு மட்டும் சும்மா கிடக்கிறது என்றால் டிஸ்கைச் சந்தேகியுங்கள். டிஸ்குக்காகக் காத்து நிற்கும் ப்ராசஸ்களையும் லினக்ஸ் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. விஎம்ஸ்டாட் (vmstat) கட்டளையை ஒரு விநாடி இடைவெளியில் ஓடவிட்டால் அதை உறுதிசெய்துகொள்ளலாம். அதன் முதல் வரியை மட்டும் விட்டுவிடுங்கள், அது சர்வர் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி.

இவை எல்லாமே இந்த நொடியைத்தான் காட்டும். புகாரோ பெரும்பாலும் பிறகுதான் வரும்: "ராத்திரி ரெண்டு மணிக்கு சைட் திறக்கவே இல்லை." காலையில் எச்டாப்பைத் திறந்தால் எல்லாம் அமைதியாக இருக்கும். எதைத் தேர்வது என்பதை என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கிறது.

பழையதைச் சேமித்து வைப்பவை சாரும் ஏடாப்பும். சிஸ்ஸ்டாட் (sysstat) தொகுப்பில் வரும் சார் (sar), வழக்கமான அமைப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவெடுக்கும். கோப்புகள் சிறியவை, சர்வருக்குச் சுமையே இல்லை. இரண்டு மணிக்கு மெமரி தீர்ந்தது என்று சொல்லும். ஆனால் தின்றது யார் என்று அந்தப் பதிவு சொல்லாது. பேக்கப்பா, டேட்டாபேஸா, யாரோ போட்டுவைத்த க்ரான் வேலையா (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) என்பது நம் ஊகத்துக்கு விடப்படும்.

ஏடாப் ப்ராசஸ் வாரியாக எழுதி வைக்கிறது. அன்றைய கோப்பைத் திறந்து, பி (b) அழுத்தி நேரத்தைக் கொடுத்தால் அங்கேயே போய் நிற்கும். சிறிய டி (t) முன்னே நகர்த்தும், பெரிய டி (T) பின்னே. சிறிய எம் அழுத்தினால் மெமரி பார்வை. அதில் ஒவ்வொரு ப்ராசஸும் அந்த இடைவெளியில் எவ்வளவு வளர்ந்தது என்பதற்கே தனி நெடுவரிசை உண்டு. மெமரி லீக்கை (எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் ப்ராசஸ் வளர்ந்துகொண்டே போவதை) பிடிக்க நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னொரு நல்ல விஷயம், இரண்டு பதிவுகளுக்கு நடுவில் பிறந்து முடிந்துபோன ப்ராசஸையும், கெர்னலின் ப்ராசஸ் அக்கவுன்டிங் (முடிந்த ப்ராசஸ்களைக் குறித்துவைக்கும் வசதி) இயங்கினால், ஏடாப் காட்டும். இரண்டே நிமிடம் ஓடிச் சர்வரைத் திணறடித்துவிட்டு மறையும் க்ரான் வேலை இப்படித்தான் மாட்டும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பதிவெடுக்கும் இயல்பு இடைவெளி 600 விநாடி. அரை நிமிட எகிறல் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். நான் அதை 60 ஆகக் குறைத்து வைத்திருக்கிறேன். பதிவுகள் அதற்கேற்பப் பெருகும், இயல்பாக 28 நாள் கோப்புகள் தங்கும். பதிவுகள் சேரும் வார் (/var) பார்ட்டிஷன் சிறியதாக இருந்தால் அந்த நாள் கணக்கையும் குறைத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான ப்ராசஸ் ஓடும் சர்வரில் இந்தக் கவனிப்பு கட்டாயம். அதற்கு நேரமில்லாதவருக்குச் சாரே மேல். கன்டெய்னர்கள் நிறைந்த சர்வரில் ஏடாப்பை நான் அதிகம் ஓட்டியதில்லை, அங்கே என் பரிந்துரையைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏடாப்பை நிறுவும்போது பதிப்பைப் பாருங்கள். 2025 மார்ச்சில் வெளியான பாதுகாப்பு ஓட்டை 2.11.1-இல் அடைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்புதான் கிடைக்கிறது என்றால், உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) அந்தத் திருத்தத்தைச் சேர்த்திருக்கிறதா என்று சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியலில்) பார்த்துவிட்டு நிறுவுங்கள்.