இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பழைய பாதையில் வழி பிடிக்க: போனா, ஆளா, தாள் வரைபடமா?

போன் வரைபடத்தில் கோடு இருந்தால், அங்கே ஒரு காலத்தில் யாரோ நடந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். இன்றைக்குப் போகலாமா என்பது அதற்குத் தெரியாது. கைவிட்ட மலைகளில் தேயிலைச் செடி மரமாகியிருக்கும், மானாப்புல் தலைக்கு மேல் நிற்கும், மதகு உடைந்த இடத்தில் பாதையே சரிந்திருக்கும். ஆனால் பின்னேரம் பனிமூட்டம் ஏறிக் கையெட்டும் தூரம்கூட மறைந்தால், நிற்கும் இடத்தைப் போன்தான் காட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் வேண்டாம். வரைபடத்தை மட்டும் ஹட்டன், பண்டாரவளை மாதிரி டவுனிலேயே இறக்கிவைத்துவிட்டு, விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லையென்றால் சிக்னல் தேடியே பற்றரி தீர்ந்துவிடும். ஏறும்போதே தடத்தைப் பதிவு செய்தால், இறங்கும்போது அதே கோட்டில் வரலாம்.

பாதையின் இன்றைய நிலைமைக்கு ஆளைக் கேட்பதுபோல் வேறொன்றும் இல்லை. ஆனால் கேட்கிற விதம் முக்கியம். "இந்த வழி போகுமா?" என்றால் "போகும், கிட்டத்தான்" என்ற பதில்தான் வரும். வெளியாளுக்கு இல்லையென்று சொல்ல மனம் வராது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று இப்படிக் கேளுங்கள்: "அக்கா, இந்த ரோட்டுல கொழுந்து லொறி போகுதா, ஆள் மட்டும்தான் போகலாமா? மழைக்குப் பிறகு யாரும் போனாங்களா? குளவிக்கூடு இருக்கா?" கடைசிக் கேள்வியை விடவே கூடாது. தோட்டங்களில் குளவி கொட்டி உயிர் போயிருக்கிறது. மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் கூடு இருக்கும், எந்த வரைபடத்திலும் இருக்காது.

பெயரிலும் சிக்கல் உண்டு. வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கும், லயத்துச் சனம் (தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) சொல்வது வேறாக இருக்கும். ஆகவே தோட்டத்தின் பெயரோடு நிற்காமல் பெக்டரி, கோவில், மேல் கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு), மலை நம்பர் (தேயிலை நிலத்துண்டின் எண்) என்று அடையாளம் சொல்லிக் கேளுங்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு: தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். கிரேட்வெஸ்டன் மாதிரி மலைகளில் கீழே தேயிலை, மேலே காடு. அந்த மேல்பாதிக்கு வழி சொல்ல எல்லோராலும் முடியாது. அங்கிருந்து போனும் தாளும்தான்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) நெருங்கியிருந்தால் ஏற்றம் செங்குத்து. லொறி ரோடு அந்தக் கோடுகளோடு வளைந்து போகும், குறுக்குப்பாதை அவற்றை வெட்டி ஏறும். முழு மலைமுகட்டையும் ஒரே பார்வையில் காட்டுவதில் போன் திரை தாளுக்குக் கிட்டவும் வராது. ஒரு எச்சரிக்கை: தாளின் கட்ட எண்கள் பீதுருதாலகாலை மலையை மூலமாக வைத்து எண்ணப்பட்டவை, போன் காட்டுவது உலக அட்சரேகை, தீர்க்கரேகை. இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடாமல், ஆறு சேருமிடம், பெக்டரி, ரயில் பாதை வளைவு ஆகியவற்றை வைத்துப் பொருத்திப் பாருங்கள்.