சனசமூக நிலையத்துக்குச் சொந்த பிரின்டரா, சந்திக் கடையா?

யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் கணக்கை மூன்று வருடம் பார்த்தேன். மின்சாரக் கட்டணம், கூரை திருத்திய கூலி எல்லாம் கூட்டத்தில் அலசப்படும். மை வாங்கிய பற்றுச்சீட்டை ஒருவரும் கேட்கமாட்டார்கள். காசு கசிந்தது அங்கேதான்.

சொந்த இங்க்ஜெட் பிரின்டர் பெரிய வசதி, மறுக்கவில்லை. இரவு எட்டு மணிக்கும் கூட்ட அறிவித்தல் எடுக்கலாம். ஆனால் அது அடிக்கடி ஓடவேண்டிய சாமான். சில கிழமை சும்மா கிடந்தால் மை முனையிலேயே காய்ந்துவிடும்; தாளில் வெள்ளைக் கோடு விழும். அதைச் சுத்தம் செய்யவும் மெஷின் மையைத்தான் செலவழிக்கிறது. மைப் பெட்டியில் இத்தனை பக்கம் வரும் என்று போட்டிருக்கும் கணக்கு, விடாமல் அச்சடித்துப் பார்த்த கணக்கு. மாதம் முப்பது தாள் எடுத்த எங்களுக்கு அது பொருந்தவே இல்லை.

சந்தியில் பிரின்ட் எடுத்துத் தரும் கடையில் பக்கத்துக்கு விலை கூடத்தான். சைக்கிளில் போய்வர வேண்டும். ஆனால் எடுத்த தாளுக்கு மட்டும்தான் காசு, கையில் பற்றுச்சீட்டும் வரும். திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இப்படிக் கடைகள் இருக்கின்றன. நூறு பிரதி என்றால் விலை குறைத்துக் கேளுங்கள்.

மாதம் சில பத்துத் தாள்தான் என்றால் கடைதான் சரி. முன்பள்ளிப் பயிற்சித்தாள் மாதிரி தினமும் வேலை இருந்தால் லேசர் பிரின்டர் வாங்குங்கள். அதில் மைக்குப் பதிலாகப் போடும் டோனர் தூள் என்பதால் காயாது. அப்புறம், எடுத்த தாளை எழுத ஒரு கொப்பியைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.