தூர் தெனியே, லிமோஜ் பார்பரின்: இரு மடங்களின் காசுகள்

இடைக்காலப் பிரான்சில் காசு அடித்தவர் ராஜா மட்டும் இல்லை. பிரபுக்கள், ஆயர்கள், மடங்கள் என்று பலரிடமும் அந்த உரிமை இருந்தது. அப்படி இரு மடங்கள் அடித்த காசுகளை, வாங்கிச் சேர்ப்பவரின் கண்ணோடு அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டுமே தெனியே வகை. வெள்ளியில் செம்பு கலந்த, சுமார் ஒரு கிராம் எடையுள்ள சிறு காசுகள்.

தூர் நகரத்துப் புனித மார்ட்டின் மடத்தின் காசில் கோட்டை முகப்பு போன்ற ஒரு வடிவம், சுற்றிலும் புனிதரின் பெயர். பார்க்கச் சாதாரணம்தான். ஆனால் அதன் கதை பெரியது. 1204 வாக்கில் பிரெஞ்சு ராஜா இரண்டாம் பிலிப் அந்தப் பகுதியைப் பிடித்த பிறகு அதையே அரச நாணயமாக்கிக்கொண்டார். காசில் ராஜாவின் பெயர் ஏறியது, கோட்டை அப்படியே நின்றது. 1266இல் பின்னாளைய ராஜா ஒன்பதாம் லூயி வெளியிட்ட பெரிய வெள்ளிக் காசின் மதிப்பு 12 தூர் தெனியே. கிரேக்க மண்ணை ஆண்ட பிரெஞ்சுப் பிரபுக்களும் இதே வடிவத்தில் காசு அடித்தார்கள்.

லிமோஜ் நகரத்துப் புனித மார்சியல் மடத்தின் காசு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அதில் ஒரு முகம் இருக்கிறது! நம்மை நேராகப் பார்க்கும் புனிதர். கோடு கோடாக இறங்கும் தாடி. அந்தத் தாடியால்தான் மக்கள் அதை 'பார்பரின்' என்றே அழைத்தார்கள் (பிரெஞ்சில் 'பார்ப்' என்றால் தாடி).

சரி, எதை வாங்குவது? பணவரலாறு படிக்க விரும்பினால் தூர். எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால், யோசிக்காமல் அந்தத் தாடிக்காரரைத்தான் எடுப்பேன்.