கோடையில் தட்சிணசித்ரா: காலை பத்து மணிக்கே போய்விடுங்கள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகம் 1996-இல் திறக்கப்பட்டது. செவ்வாய் விடுமுறை. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, அதே மரம், அதே தூண்களோடு இங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கும் அருங்காட்சியகம் அல்ல இது. திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நடக்கலாம். அதுதான் இதன் பெரிய பலம்.

மே மாதத்தில் வீடுகளுக்கு இடையிலான மண்பாதை நண்பகலில் கொதிக்கும். அதனால் திறந்தவெளியை முதலில் முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழையுங்கள். உள்ளே காலடி வைத்ததுமே குளுமை தெரியும். கேரள வீடுகளின் சரிந்த கூரையையும் இந்த வீட்டின் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தனி இன்பம்.

குழந்தைகளுக்குக் குயவர் சக்கரம் கட்டாயம். இதற்குத் தனிக் கட்டணம். களிமண் நடுவில் சரியாக உட்காராவிட்டால் சட்டி ஒருபக்கம் சாயும். கை காய்ந்தால் மண் விரலோடு பிய்ந்து வரும், அடிக்கடி நனைக்கச் சொல்லுங்கள். செய்ததை வெயிலில் வைக்காதீர்கள்: விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கி விரிசல் விடும். நிழலில் மெதுவாக உலர வேண்டும். சுடாத மண் என்பதால் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும்.

நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்கக்கூடாது.